தரங்கம்பாடி: கடல் கொண்டதும் காகிதம் காத்ததும்

என் பாட்டியின் அடையாள அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கும். அவர் வயதுக்காரர்கள் பலருடைய ஐ.சி.யிலும் அப்படித்தான். "தேதி கேட்டான், தெரியாதுன்னேன். அவனே ஒண்ணப் போட்டுக்கிட்டான்" என்று சிரிப்பார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் கட்டைவிரல் ரேகை. சொந்த ஊரைக் கேட்டால் மட்டும் தயங்காமல் பதில் வரும். "தரங்கம்பாடிப் பக்கம், பொறையாறு."

பாட்டிக்கு ஓர் அக்கா இருந்தார். எங்களுக்குப் பெரிய பாட்டி. இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கப்பலில் வந்தவர்கள், குளுவாங் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். ஆனால் பாட்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பார். பெரிய பாட்டி ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தோட்டத்தின் தகரக் கூரை ஜெபக்கூடத்துக்குப் போவார். அவரைப் பாட்டி 'வேதக்காரங்க' என்றுதான் சொல்வார். அதில் ஏளனம் எதுவும் இருக்காது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் கிறிஸ்தவர்களுக்கு அதுதான் பெயர்.

இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் கேட்டேன். "பாட்டி, நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. அவங்க மட்டும் எப்படி வேதக்காரங்க ஆனாங்க?"

பாட்டி வெற்றிலையை மடித்தபடியே சொன்னார். "அவள மிஷன் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டாங்கடா. எனக்கு வயசு வர்றதுக்குள்ள கப்பல் ஏறிட்டோம். அவ்ளோதான்."

இந்த 'அவ்ளோதான்' பல வருடம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஸ்கூடாயில் சிவில் பொறியியல் படித்து முடித்து, ஜொகூரின் மேற்குக் கரையில் கடல் தடுப்புக் கரைகள் போடும் வேலையில் சேர்ந்த பிறகுதான் அந்த ஊருக்குப் போகக் காசும் விடுப்பும் சேர்ந்து அமைந்தன. பாட்டி அப்போது இல்லை. சிங்கப்பூரிலிருந்து திருச்சி, அங்கிருந்து மயிலாடுதுறை, பிறகு ஒரு டவுன் பஸ். இறங்கியதும் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளை நுழைவாயில். அதன் மேல் டென்மார்க் அரசரின் முத்திரையும் 1792 என்ற ஆண்டும்.

1

தரங்கம்பாடியைப் பற்றி இணையத்தில் தேடினால் டேனியர்களிலிருந்துதான் கதை தொடங்கும். உண்மையில் ஊர் அதைவிட 300 ஆண்டுகளாவது மூத்தது. கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. அரசனின் பெயரை ஏற்ற பட்டினம் என்றால் அன்றே அது வணிகர்கள் வந்துபோகும் துறை. 'தரங்கம்' என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று இன்று சுற்றுலாப் பலகைகள் விளக்கம் சொல்கின்றன. சடங்கன்பாடி மருவித் தரங்கம்பாடி ஆனது என்ற விளக்கம் எனக்கு இன்னும் நம்பும்படியாக இருக்கிறது.

டேனியர்கள் வந்த கதை தற்செயல்களால் ஆனது. 1616இல் நான்காம் கிறிஸ்டியன் மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு அனுமதி தருகிறார். 1618இல் ஓவே ஜெட்டே என்ற இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்கள் புறப்படுகின்றன. அவர்கள் குறிவைத்தது இலங்கையை. அங்கே காரியம் கைகூடவில்லை. முன்னதாக அனுப்பப்பட்ட கப்பல் காரைக்கால் அருகே போர்ச்சுக்கீசியர்களிடம் சிக்கி அழிந்தது. அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே, தஞ்சை ரகுநாத நாயக்கரின் அவைக்குப் போய்ச் சேர்ந்தார். போர்ச்சுக்கீசியர்களின் பிடியைத் தளர்த்த இன்னொரு ஐரோப்பிய நாடு கிடைத்தால் நல்லது என்று நாயக்கர் நினைத்திருக்க வேண்டும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. ஆண்டுக்கு 3,111 ரூபாய் வாடகைக்குக் கடற்கரைத் துண்டு ஒன்றும், கோட்டை கட்டும் உரிமையும், தங்கள் சமயத்தைப் பின்பற்றும் உரிமையும் டேனியர்களுக்குக் கிடைத்தன. ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அப்படி எழுந்ததுதான் டான்ஸ்போர்க் கோட்டை. வணிகம் அவர்கள் நினைத்தபடி ஓடவில்லை. 1669 வரை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக, டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய டேனியர்கள் உள்ளூர் ஆட்களையும் உள்ளூர் வணிகத்தையும் நம்பிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மக்காசாருக்கும் பந்தானுக்கும் கப்பல் விட்டுப் பிழைத்த காலங்கள் உண்டு. நம் தென்கிழக்காசியக் கடல் அவர்களுக்குப் பழகிய கடல்தான். பின்னாளில், 1779இல், தரங்கம்பாடியில் வாழ்ந்த தாவரவியலாளர் கோனிக் சயாமுக்கும் மலாக்காவுக்கும் போய்ச் செடிகொடிகளைப் பற்றி நாட்குறிப்பு எழுதினார். லின்னேயஸின் மாணவர் அவர். மலாக்கா பற்றிய பழைய குறிப்பு ஒன்று பாட்டியின் ஊரில் வாழ்ந்தவருடையது என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ ஒரு சின்ன சந்தோஷம்.

2

ராஜ வீதியில் நடந்தால் இடப்பக்கம் ஒரு தேவாலயம், வலப்பக்கம் ஒரு தேவாலயம். சீயோன் ஆலயம் 1701இல் டேனியர்கள் தங்களுக்காகக் கட்டியது. எதிரே சற்றுத் தள்ளி இருப்பது புதிய எருசலேம் ஆலயம். 1718இல் தமிழ்ச் சபைக்காகக் கட்டப்பட்டது. இரண்டு கட்டடங்களுக்கும் இடையே சில நிமிட நடைதான். ஆண்டவர் ஒருவர்தான் என்றாலும் ஆட்சியாளர்களுக்கு ஓர் ஆலயம், ஆளப்பட்டவர்களுக்கு ஓர் ஆலயம்.

இரண்டாவது ஆலயத்துக்குள்தான் பார்த்தலோமேயு சீகன்பால்கு புதைக்கப்பட்டிருக்கிறார். 1706 ஜூலை 9ஆம் தேதி ஹென்ரிக் புளூட்சோவுடன் வந்து இறங்கிய ஜெர்மானியர். அப்போது வயது 24கூட நிரம்பவில்லை. 36 வயதில், 1719 பிப்ரவரியில், இங்கேயே இறந்துபோனார். இடையில் இருந்த 13 ஆண்டுகளுக்குள் அவர் செய்தவை நமக்கு ஓரளவு தெரிந்தவை. அரசர் அனுப்பிய மிஷனரி என்றாலும் கோட்டைத் தளபதியோடு ஒத்துப்போகாமல் 1708இல் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். 1711இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தார். லண்டன் சங்கம் ஒன்று அச்சு இயந்திரம் அனுப்பியது. ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. அவை அளவில் பெரியதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாடு அச்சேறியது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் தொடங்கினார்கள்.

தமிழின் முதல் அச்சு நூல் இது அல்ல. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால் அந்தத் தொடக்க முயற்சிகள் தொடர்ச்சி இல்லாமல் அறுந்தன. தரங்கம்பாடி அச்சகம்தான் தொடர்ந்து இயங்கியது. அதுதான் முக்கியம். ஒரு தொழில்நுட்பம் ஓர் ஊரில் வேர் பிடிப்பதற்கு இயந்திரம் மட்டும் போதாது. எழுத்து வார்ப்பவர், காகிதம் செய்பவர், பிழை திருத்துபவர், படிப்பதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாம் சேர்ந்து ஒரு சங்கிலியாக வேண்டும். தரங்கம்பாடியில் அந்தச் சங்கிலி அமைந்தது.

வழக்கமான கட்டுரைகள் இத்தோடு கைதட்டிவிட்டு முடித்துக்கொள்ளும். எனக்கு வேறொரு கேள்வி. இவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார்?

சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுத்து எழுதிப் பழகினார் என்பது தெரிந்த கதை. அந்தப் பள்ளியை நடத்தியவர் ஒரு வயதான வாத்தியார், இந்து. அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் கம்பெனியில் துபாஷியாக வேலை பார்த்தவர், பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். அவரும் இந்து. சீகன்பால்கு பல வீடுகளிலிருந்து ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கிச் சேர்த்தார். 1708இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் அதில் உண்டு. தொல்காப்பியம், திருக்குறள், சிவவாக்கியம் எல்லாம் இருக்கின்றன. உ.வே.சா. பிறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் போடப்பட்ட பட்டியல் அது. நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்ததும் அதே ஆண்டில்தான்.

ஆரம்பத்தில் அவர் அப்படி இல்லை. ஊருக்கு வெளியே ஒரு சிறு கோயிலில் இருந்த சுதை உருவங்களைத் தள்ளி உடைத்ததைப் பற்றி அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அங்கே இருந்த ஓர் உள்ளூர் ஆசிரியர் பதற்றப்படாமல், இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவலாட்கள் என்று விளக்கினாராம். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, அந்த ஆசிரியர்மீது ஒரு வியப்பும் வந்தது. உடைப்பவனுக்கு, அவன் உடைத்தது இன்னதென்று சொல்லித்தர ஓர் ஆள் முன்வருகிறார். சில ஆண்டுகளில், 1713இல், அதே சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி குறித்து ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். சிவன், திருமால் மட்டுமல்ல, ஐயனார், மாரியம்மன், எல்லைக் காவல் தெய்வங்கள்வரை அதில் வருகின்றன. கையெழுத்துப் பிரதி ஹாலேவுக்குப் போனதும் அங்கே இருந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிற சமயத்தை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் வாதம். நூல் 1867இல்தான் சென்னையில் அச்சானது. 154 ஆண்டு தாமதம்.

இதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கடிதங்கள். 1712 முதல் 1714 வரை மிஷனரிகள் கேள்விகள் அனுப்ப, தமிழ் இந்துக்கள் பதில் எழுதினார்கள். அவை ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேவில் அச்சாகின. அழகப்பனுக்கு இதில் பெரிய பங்கு. உங்கள் மதத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் சொல்கிறார்கள். எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால் அதையும் தயங்காமல் சொல்கிறார்கள். மாட்டிறைச்சி சாப்பிடுகிறீர்கள், குடிக்கிறீர்கள், சரியாகச் சுத்தம் பார்ப்பதில்லை, நீங்கள் சொல்லும் வேதம் நல்லதாகவே இருக்கலாம், உங்கள் நடத்தை அப்படி இல்லையே என்ற தொனி. ஆளும் கூட்டத்தைச் சேர்ந்த ஆட்களிடம் இப்படி எழுத முடிந்திருக்கிறது. கோயிலும் தேவாலயமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் காட்டி 'மத நல்லிணக்கம்' என்று படம் பிடித்துப் போடுகிறோம். அதைவிட இந்தச் சண்டைக் கடிதங்கள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு, பதிலைப் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

3

ஆனால் பாட்டியின் கேள்விக்கு இவை பதில் இல்லை. அழகப்பனும் அந்த வாத்தியாரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஓலை அவர்கள் வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை.

1707இலேயே தரங்கம்பாடியில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கிவிட்டார்கள். சாதியில் கீழே வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் மிஷன் பள்ளிகளில் எழுத்தைத் தொட முடிந்தது. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. பெரிய பாட்டியின் கையில் புத்தகம் வந்தது அந்த வழியில்தான்.

அதே சமயம், சபைக்குள் சாதி செத்துவிடவில்லை. இதை மழுப்பிக் கடந்துவிடக் கூடாது. 1733இல் முதன்முதலாக ஓர் இந்தியரைப் போதகராக அபிஷேகம் செய்ய முடிவெடுத்தார்கள். கடலூரைச் சேர்ந்த ஆரோன் தேர்ந்தெடுக்கப்பட்டார். இயற்பெயர் ஆறுமுகம், வேளாளர். நல்லவர், உழைப்பாளி, அதில் ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சைப் படையில் சேர்வைக்காரராக இருந்தவர், பறையர் சமூகம். தஞ்சை நாட்டுக்குள் ஊர் ஊராகச் சபைகளை வளர்த்தவர். அவருக்குப் போதகர் பதவி தரவில்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதுதான் தடையாக இருந்தது. அப்பமும் ரசமும் எல்லோருக்கும் பொது. அதைக் கொடுக்கும் கை எது என்பதில்தான் சிக்கல்.

புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் கட்டப்பட்டது. அந்தக் காலத்துச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். அந்த ஆலயத்தின் நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்தேன். என் ஆட்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிப்பதைத் தவிர்க்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லீப்ஸிக் மிஷன் சாதி விஷயத்தில் மற்ற பல மிஷன்களைவிட விட்டுக்கொடுத்துப் போனது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் அந்த நிலைப்பாட்டை வாதாடி ஆதரித்தவர். இதே கிரவுல்தான் திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் மொழிபெயர்த்தவர். பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்ற நூலை மொழிபெயர்த்த கையால்தான் சாதிக்கும் இடம் கொடுக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

கோயில் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? மாசிலாமணிநாதர் சன்னிதிக்குள் எங்கள் பாட்டனார் காலத்தில் யாரும் விட்டிருக்க மாட்டார்கள். மாரியம்மன்தான் எங்களை விட்ட தெய்வம். அவளைத்தான் கப்பலில் கொண்டுவந்தோம்.

4

கடற்கரைக்கு வருகிறேன். அங்கேதான் என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது.

மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கட்டிய காலத்தில் கோயிலுக்கும் அலைக்கும் இடையே தாராளமாக நிலம் இருந்திருக்க வேண்டும். யாரும் அலை நுனியில் கோயில் கட்டமாட்டார்கள். 700 ஆண்டுகளில் கரை உள்வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. டேனியர்களின் கடலோர மதிலும் போய்விட்டது. கோட்டையே இன்று மணலை ஒட்டி நிற்கிறது. சீகன்பால்கு 1707இல் கட்டிய முதல் ஆலயமும் இல்லை. சிவன் கோயிலா, இயேசு கோயிலா, ராஜாவின் கோட்டையா என்று கடல் பார்க்கவில்லை.

சோழமண்டலக் கரையில் மணல் ஓர் ஆறு மாதிரி நகரும். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே. நடுவில் எங்காவது கல்லைக் கொட்டித் துறைமுகச் சுவர் எழுப்பினால், தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை கரையும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். தரங்கம்பாடிக் கோயிலுக்கு முன்னால் இப்போது கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். பின்னால் இருப்பதை அது காப்பாற்றும். ஆனால் சுவர் முடியும் இடத்தில் அலை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். பொந்தியான் கரையில் நாங்கள் தடுப்பு போடும்போது எப்போதும் எழும் கேள்வியும் இதுதான். சுவரை எங்கே முடிப்பது? முடிக்கும் இடத்தில் யார் வீடு இருக்கிறது?

2004 டிசம்பர் 26 அன்று இந்த ஊரில் அதிகம் இறந்தவர்கள் மீனவர் குப்பத்து மக்கள். நூற்றுக்கணக்கானோர். அதற்குப் பிறகு நிதி வந்தது, நிபுணர்கள் வந்தார்கள். டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் ஆய்வுத் திட்டம் நடத்தியது. பழைய வீடுகள் சுண்ணாம்புப் பூச்சோடு அழகாகப் புதுப்பிக்கப்பட்டன. ஒரு பங்களா விடுதி ஆகியது. சீகன்பால்கு வீடு அருங்காட்சியகம் ஆனது. எல்லாம் நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராஜ வீதியில் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு விஷயம் புரியும். காகிதம் வைத்திருந்தவர்களின் கதை மீண்டும் எழுந்து நிற்கிறது. டேனியர்களிடம் கணக்குப் புத்தகம் இருந்தது, மிஷனிடம் கடிதங்களும் பதிவேடுகளும் இருந்தன, கோயிலுக்குக் கல்வெட்டு இருந்தது. கப்பலிலிருந்து மூட்டை இறக்கிய ஆள், அச்சுக்கூடத்தில் மை தடவிய ஆள், கட்டுமரம் ஓட்டிய ஆள், இவர்கள் எல்லாம் பிறருடைய காகிதத்தின் ஓரத்தில் எண்ணிக்கையாக மட்டும் வருகிறார்கள்.

ஊர் தளர்ந்த கதையும் அப்படி ஒரு காகிதத்தில்தான் முடிவானது. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. ஊரில் இருந்தவர்களைக் கேட்கவில்லை. கொஞ்ச காலம் மாவட்டத் தலைநகராக இருந்தது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாக இருந்திருக்கிறார். பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, கப்பலும் அங்கேயே போனது. தரங்கம்பாடிக்கு 1926இல்தான் ரயில் வந்தது. 1986இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் நாகப்பட்டினத்துக்குப் போய்த்தான் கப்பல் ஏறினார்கள். தோட்டத் தொழிலாளர்கள் மலாயாவுக்குப் போவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. அதற்குச் சற்று முன் வந்தவர்கள் என் பாட்டியின் குடும்பம்.

5

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. மாரியம்மன் கோயிலுக்கு, பலமுறை நடையாய் நடந்த பிறகு, மாற்று நிலம் கிடைத்தது. தகரக் கூரை ஜெபக்கூடத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. அங்கே கூடியவை ஐந்தாறு குடும்பங்கள். பதிவு இல்லை, நிலப் பத்திரம் இல்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை. கேட்க ஆளும் இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தமிழ் லுத்தரன்களுக்குச் சீயோன் ஆலயம் இருக்கிறது. தரங்கம்பாடிப் பெயர் அப்படியே கடல் கடந்து வந்திருக்கிறது. தோட்டத்து ஜெபக்கூடத்துக்கு அப்படிப் பெயரும் இல்லை. 'வேதக்கோயில்' என்போம், அவ்வளவுதான்.

பெரிய பாட்டி இறந்தபோது எனக்கு எட்டு வயது. அந்தச் சாவு வீட்டில் போதகர் ஜெபித்து முடிக்கும்வரை பாட்டி ஓரமாக நின்றார். பெட்டியை மூடப்போகும்போது முன்னால் வந்து அக்கா நெற்றியில் கொஞ்சம் விபூதி வைத்தார். போதகர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் இன்றுவரை மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய பிறகு, சிகாமட்டில் இருக்கும் பெரிய பாட்டியின் மகள் வீட்டுக்குப் போனேன். போன கதையை எல்லாம் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்துவந்தார். பெரிய பாட்டியின் வேதப்புத்தகம். ஓரம் எல்லாம் செல்லரித்திருந்தது.

"கடைசிப் பக்கத்தப் பாரு தம்பி. அம்மா யாரு பொறந்தாலும் அதுல எழுதி வைப்பாங்க."

பென்சிலால் எழுதியது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பழகிய குண்டு குண்டான கையெழுத்து. பெரிய பாட்டியின் பிள்ளைகள், பாட்டியின் பிள்ளைகள், என் அப்பா, சித்தப்பாமார், எல்லோர் பெயரும் தேதியும் இருந்தன. பழனி, மாரிமுத்து, யோவான், சரோஜா என்று சாமி பேதம் பார்க்காமல் வரிசையாக. எல்லாவற்றுக்கும் மேலே, கொஞ்சம் தனியாக, பாட்டியின் பெயர். பக்கத்தில் 'தங்கச்சி' என்று போட்டு, ஐப்பசி மாதம், ஆண்டு, பொறையாறு.

ஐ.சி.யில் இருந்தது ஜனவரி. உண்மையில் பாட்டி ஐப்பசியில் பிறந்தவர். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்த என் பாட்டியின் பிறப்பு பதிவாகியிருக்கும் ஒரே இடம், 300 ஆண்டுகளுக்கு முன் அவர் ஊரில் அச்சாகத் தொடங்கிய ஒரு புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாள்.

"பாட்டிக்கு இது தெரியுமா அத்தை?"

"படிக்கத் தெரியாதுல்ல. அம்மா சொல்லியிருக்கலாம். எங்களுக்கு ஒண்ணும் சொன்னதில்ல."

கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். பென்சில் எழுத்து, ஏற்கெனவே மங்கிவிட்டது. இரண்டு பெயர்களைப் படிக்கவே முடியவில்லை. அத்தையை உட்காரவைத்து, அவருக்கு நினைவிருக்கும் பெயர்களை எல்லாம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். தோட்டத்தில் லயம் எங்கே இருந்தது, கோயில் எங்கே, வேதக்கோயில் எங்கே, கிணறு யாருக்கு எது என்று ஒரு வரைபடமும் போடுகிறோம். அளவு சரியாக வராது, தெரியும். அத்தை ஒன்று சொல்கிறார், அப்பா வேறொன்று சொல்கிறார். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.